சிரித்துக்கொண்டே வந்தவன்

விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் பக்கத்தில் நின்றிருந்த சின்னவனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அருகில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம், "எங்க அக்கா உயிரோட இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டான். அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்" என்றவர், தன் பெட்டி வந்ததும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா இருக்கிற நாட்டின் எல்லையைத் தாண்டும்வரை வாயைத் திறக்கக் கூடாது. தாண்டிய பிறகு பேச ஆள் கிடைக்கவில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஏறியவுடனே போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். செய்தி வயிற்றுக்குள் கிடந்து குதித்துக்கொண்டே வந்தது.

சின்னவன் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். வெளியில் அவன் லிஃப்ட் மெக்கானிக். காதோரம் நரைத்தவன், தனக்குக் கீழே நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவன். ஆனால் பெரியவள் என்று ஒருத்தி இருக்கும்வரை அவன் சின்னவன்தான். அந்தப் பெரியவள் இருக்கிறாளா, இல்லையா என்பதுதான் இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்தது.

இங்கே படிக்க வந்த அந்த நாட்டுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவனோடு போனவள் அவள். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, ஃபோன் வந்தது. பிறகு அந்த நாடு கதவைச் சாத்திக்கொண்டது. யாரும் உள்ளே போக முடியாது, யாரும் வெளியே வர முடியாது. ஃபோன் எடுத்தால் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். அனுப்பிய கடிதங்கள் முதலில் திரும்பி வந்தன, பிறகு திரும்பியும் வரவில்லை. வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு எடுப்பது நின்றுபோனது. மறந்ததால் இல்லை. எந்தக் காலத்தில் பேசுவது, இருக்கிறாள் என்றா இருந்தாள் என்றா என்று தெரியாததால்.

அந்த நாட்டிலும் மாடிக் கட்டடங்கள் உண்டு. அவற்றின் லிஃப்டுகள் பழசாகி, ஒவ்வொன்றாய் நின்றுபோய், கடைசியில் பெரிய அதிகாரி ஒருவரே நடுவழியில் மாட்டிக்கொண்டார் என்று கேள்வி. அதன் பிறகுதான் ஒரே ஒரு மெக்கானிக்கை உள்ளே விடச் சம்மதித்தார்கள். யார் போகிறீர்கள் என்று கம்பெனியில் கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் தங்கள் ஷூவைக் குனிந்து பார்த்தார்கள். கேள்வி முடிவதற்குள் சின்னவன் கையைத் தூக்கியிருந்தான்.

இப்போது வேலை முடிந்து திரும்பியாகிவிட்டது. விமான நிலையத்தில் ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்கள். அந்த நாட்டிலிருந்து வருகிற யாரையும் இப்படி விசாரிக்காமல் விடுவதில்லை. என்ன பார்த்தாய் என்று அதிகாரி கேட்டார். லிஃப்ட் என்றான். வேறு என்ன என்றதற்கு, லிஃப்ட் ஓடாத இடத்தில் படிக்கட்டு என்றான். அதிகாரி சிரித்துவிட்டு, போகும்போது வாங்கி வைத்திருந்த ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். பையைச் சோதிக்கவே இல்லை. சோதிக்கவும் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து எல்லையில் எழுத்து உள்ள காகிதம், படம், துணித்துண்டு எல்லாவற்றையும் உருவிக்கொண்டுதான் விடுவார்கள். தன் மகளின் படம் ஒன்றைக் கொடுத்தனுப்ப அக்கா துடித்தாள். பிடிபட்டால் அவளுக்குத்தான் ஆபத்து என்று இவன்தான் வேண்டாம் என்றான். ஆக, அவன் கையில் ஒன்றும் இல்லை. வாயில்தான் இருந்தது எல்லாம்.

ஃபோனில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. வெளியே வந்ததும் மனைவியின் ஃபோனுக்கு அடித்தான். எடுத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். தனக்காக யாரும் பட்டினி கிடக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மளமளவென்று சொன்னான்: "வந்துட்டேன். அக்காவைப் பார்த்தேன். நல்லா இருக்கா. நேர்ல வந்து எல்லாம் சொல்றேன். நீங்க எல்லாரும் முதல்ல சாப்பிடுங்க, அம்மாவைச் சாப்பிட வைங்க."

அதோடு ஃபோன் அணைந்துபோனது. அவனுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. வெளியே இருந்த கடையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததிலேயே பெரிய கேக்கை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினான்.

கார் நகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். தூக்கம் வரவில்லை. அந்த மத்தியானம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அந்த நாட்டில் அவனுடன் எப்போதும் ஓர் அரசாங்க ஆள் வருவார். விடுதியிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து விடுதிக்கு. வேறு எங்கும் போகக் கூடாது. அவர் அதிகம் பேசமாட்டார். சின்னவன் மனசுக்குள் அவருக்கு நிழல் என்று பெயர் வைத்திருந்தான். போய் இறங்கிய அன்றே அக்காவின் பழைய முகவரியிலிருந்த தெருப்பெயரை நிழலிடம் சொல்லிப் பார்த்தான். அவர் காது கேட்காதவர் போல ஜன்னலைப் பார்த்தார். மறுநாள் சொன்னபோதும் ஜன்னலைத்தான் பார்த்தார். அதற்கப்புறம் இவன் சொல்வதை விட்டுவிட்டான்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, திட்டத்தில் இல்லாத ஒரு குடியிருப்புக்கு நிழல் அழைத்துப்போனார். இந்த லிஃப்டையும் பார்த்துவிடு என்று கை காட்டினார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று சின்னவன் வேலை செய்துகொண்டிருந்தான். ஸ்பேனர் நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்து, அங்கிருந்து எகிறி, சுவர்களில் மோதி மோதிப் பாதாளத்துக்குப் போனது. வலியில் கண் இருண்டது. யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், நம் மொழியிலேயே அந்த ஸ்பேனரையும், அதைச் செய்தவனையும், செய்தவனைப் பெற்றவளையும் வாய்க்கு வந்தபடி வைதான்.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருடா அது, வாயைக் கழுவாம வேலைக்கு வந்தவன்?"

அண்ணாந்து பார்த்தான். மேல்மாடியில் பாதி திறந்திருந்த லிஃப்ட் கதவு வழியே ஒரு தலை எட்டிப் பார்த்தது. முன்நெற்றி முழுக்க வெள்ளை. அவன் 'அக்கா' என்று கூப்பிடுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "மூக்கைத் துடைடா. மூஞ்சி பூரா கிரீஸ்" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே, அந்தக் கதவு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வரை அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். நிழல் வெளியே நடையில் நின்று, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை. அத்தானுக்குத் தலையில் ஒரு முடி பாக்கியில்லை, மனுஷன் அதே சிரிப்பு. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நல்ல சதை போட்டிருக்கிறாள். ஒரு மகள், அம்மாவைவிட உயரம். நம் மொழியில் அவளுக்கு வைவதற்கு மட்டும்தான் தெரியும். மாமன் என்று தெரிந்ததும் தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒப்பித்துக் காட்டினாள். அவனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கிளம்பும்போது கேட்டான். "கதவைத் திறந்துவிட்டா வந்துடுவ இல்ல?"

"வரமாட்டேன்டா."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. கையில் இருந்த கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபடி இருந்தாள்.

"அப்பா செத்தப்ப நான் பரீட்சைக்காக ஹாஸ்டல்ல இருந்தேன். ஃபோன் பண்ணினேன். அம்மாதான் பேசினாங்க. அப்பாவுக்குத் தேவலை, தூங்குறார், நீ நல்லா எழுதுன்னாங்க. அந்தக் குரல்ல ஒரு நடுக்கம் கிடையாது. நானும் நம்பி எழுதினேன். அவருக்கு ஒரு சட்டை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். எல்லாம் முடிஞ்சு வீட்டைக் கழுவி விட்டிருந்தீங்க. இங்க எவ்வளவோ கஷ்டம் இருக்கு. ஆனா இந்த வீட்ல யாரும் எனக்கு எதையும் சர்க்கரை தடவித் தர்றதில்ல. இதை விட்டுட்டு அங்க வரமாட்டேன். அம்மாகிட்ட சொல்லு."

அவன் சரி என்று தலையாட்டினான். எல்லையைத் தாண்டும்போதே, இதை மட்டும் அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டான். அம்மாவுக்கு இதயம் பலவீனம். மற்றதெல்லாம்தான் வண்டி வண்டியாக இருக்கிறதே. இருக்கிறாள், சிரிக்கிறாள், பேத்தி இருக்கிறாள். கசப்பான அந்த ஒரு துண்டை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

டாக்ஸி நின்றது. ஊரெல்லாம் லிஃப்டைத் தூக்கி நிறுத்துகிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடம். கேக்கை ஏந்திக்கொண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாவினான். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே வழக்கத்துக்கு மேல் செருப்புகள். தன்னை வரவேற்கத்தான் இத்தனை பேர் என்று நினைத்து இன்னும் பெரிதாகச் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

முன்னறையில் அக்கம்பக்கத்தார் சிலர் சுவரை ஒட்டி நின்றிருந்தார்கள். டிக்கெட் மாமா சலவைச் சட்டையில் இருந்தார். அம்மாவின் தம்பி அவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்ததால் வந்த பெயர். இப்போதும் யார் வந்தாலும் டிக்கெட் கேட்கப்போகிறவர் மாதிரிதான் பார்ப்பார். இன்று அவர் யாரையும் பார்க்கவில்லை. நடுவே அம்மா நாற்காலியில், இரண்டு கையையும் மடியில் கோத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அக்காவைப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தான். நின்றபடியே கொட்டினான். ஸ்பேனர் விழுந்தது, குரல் வந்தது, அத்தானின் வழுக்கை, பேத்தியின் வசவுகள், ஒன்றையும் விடவில்லை. அவனே சிரித்தான், அவனே நடித்துக் காட்டினான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பேத்தி வந்த இடத்தில் டிக்கெட் மாமா கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டம்மா, "பாவம், எவ்வளவு அழகா சொல்லுது பிள்ளை" என்று இன்னொருத்தியிடம் முணுமுணுத்தாள்.

எல்லாம் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள். "நீ சாப்பிட்டியாடா?"

மனைவி அவன் கையிலிருந்த கேக்கை வாங்கிக்கொண்டு, கண்ணாலேயே சமையலறைக்குக் கூப்பிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். கதவை ஒருக்களித்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. உங்க அக்கா எப்ப போனாங்க?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே போனாள் என்று கேட்டான்.

"என்கிட்டயுமா? நீங்க ஃபோன்ல முதல்ல சாப்பிடுங்கன்னு சொன்னப்பவே அத்தை தட்டைத் தள்ளி வச்சுட்டாங்க. கேக்கோட வேற வந்து நிக்கறீங்க. இந்த வீட்ல யார் எப்ப கேக் வாங்கினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்தான். அப்போதுதான் கால் தரையில் பட்டது.

அந்த வீட்டில் கெட்ட செய்தி ஒருநாளும் கெட்ட செய்தியாக வந்ததில்லை. வேலை போன அன்று மாமா கேக்கோடு வந்தார், இனிமேல் ஓய்வுதான் என்று கை தட்டிச் சிரித்தார். சுற்றுலா போகிறேன் என்று எல்லாருக்கும் டாட்டா காட்டிவிட்டுப் போனவர் ஆஸ்பத்திரியில் பித்தப்பையை எடுத்துவிட்டுத் திரும்பினார். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் முதலில் சாப்பிட வைப்பார்கள், பிறகு நாலு வேடிக்கைக் கதை சொல்வார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். அம்மாவின் இதயத்துக்காக ஆரம்பித்ததாகச் சொல்லிக்கொண்டாலும், அது அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்ட பழக்கம். இத்தனை வருஷத்தில் எல்லாரும் அதைப் படிக்கத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். ஒருவன் எவ்வளவு சிரிக்கிறானோ அவ்வளவு பெரிய இடி.

"எங்க வீட்ல யாராவது செத்தா, செத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க" என்றாள் மனைவி. "அழுதுட்டு, காபி குடிச்சிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்போம். இங்க கல்யாணமாகி வந்த புதுசுல, நீங்க எல்லாரும் சிரிக்கறதைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும்."

"உயிரோட இருக்காடி. என் கண்ணால பார்த்தேன்."

"எனக்கு நம்பணும்னுதான் ஆசை."

சின்னவன் முன்னறைக்கு ஓடினான். சத்தியம் செய்தான். தலையில் கை வைத்தான். அக்கா குண்டாகிவிட்டாள் என்றான், டீச்சர் வேலை என்றான். படம் இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். இல்லை. ஒரு வரி எழுதித் தந்தாளா? இல்லை. ஏன் இல்லை என்று அவன் விளக்க விளக்க, மாமா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். "போதும் மாப்பிள்ளை. நீ பட்ட கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா?" என்றார். மாமாவிடமிருந்தே சிரித்து மறைக்கும் அந்த வேலையைக் கற்றவன் என்பதால், இவன் அதை மாமாவைவிடத் திறமையாகச் செய்கிறான் என்று அவருக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து, படியில் தடதடவென்று சத்தம். வாடகைக் கடையிலிருந்து இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கே போடட்டும் என்று கேட்டார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் நின்றுகொண்டே இருக்க முடியுமா என்று மாமாதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மா நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, யார் தோளையும் பிடிக்காமல், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவன் கதவருகே போனான். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அக்கா அங்கே சமையலறையில் உட்கார்ந்து, ஒருவேளை இந்த நேரத்தில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். இங்கே அவளைக் கொன்று, நாற்காலியும் போட்டாகிவிட்டது. கொன்றது தன் சிரிப்பு. கதவைத் தட்டினான்.

"அம்மா, நான் பொய் சொல்லலம்மா."

"சொல்ற" என்றாள் உள்ளேயிருந்து. "நீ பேசினப்போ கண்ணை மூடிக் கேட்டேன். நீ அவ வீட்லேருந்து கிளம்பற இடம் வந்தப்போ ஏதோ ஒண்ணை முழுங்கின."

அம்மா வாழ்நாளெல்லாம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். முகம் தெரியாத குரல்களை ஒன்றோடொன்று கோத்துவிடுவதே வேலை. யார் நிஜமாக அவசரத்தில் இருக்கிறார்கள், யார் அவசரம் போல நடிக்கிறார்கள் என்று முதல் வார்த்தையிலேயே பிரித்துவிடுவாள். வீட்டிலும் முக்கியமான பேச்சென்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பாள்.

பிறகு அம்மா சொன்னாள்.

"எதிர்ல நின்னா உன் மூஞ்சி குறுக்க வருது. மாடிப்படிக்குப் போ. அங்கேருந்து ஃபோன் பண்ணு. நான் எடுக்கறேன்."

மனைவியின் ஃபோனை வாங்கிக்கொண்டு வெளியே போனான். நாற்காலிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். படியில் உட்கார்ந்து வீட்டு நம்பரை அழுத்தினான். அம்மா அறையில் இருக்கிற, யாரும் பயன்படுத்தாத அந்தப் பழைய ஃபோனை எத்தனை தடவை எடுத்துவிடலாம் என்று சொல்லியும் அம்மா விட்டதில்லை, பெரியவளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான் என்பதால். உள்ளே மணியடிப்பது சுவர் வழியாகவும் கேட்டது, காதிலும் கேட்டது. எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். அந்தப் பழைய வேலைக்குரல். வழவழப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல். மகன் என்ற அடையாளமே இல்லை. யாரோ ஓர் ஊரிலிருந்து யாரோ ஒருவர்.

அப்படிக் கேட்டதும் அவனுக்குச் சொல்வது சுலபமாகிவிட்டது. சிரிக்காமல் சொன்னான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருவன் ஒரு கெட்ட செய்தியைச் சிரிக்காமல் சொல்வது அதுதான் முதல் தடவை என்று பிறகு தோன்றியது.

"அக்கா வரமாட்டாளாம்மா. கதவைத் திறந்துவிட்டாலும் வரமாட்டாளாம்."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்பா போனதை நீ மறைச்சியாம். தூங்குறார்னு சொன்னியாம். உன் குரல்ல நடுக்கமே இல்லைன்னா. சட்டை வாங்கிட்டு வந்தாளாம். அதனால இங்க வரமாட்டாளாம். உன்கிட்ட சொல்லச் சொன்னா. நான் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

காத்திருந்தான். காதில் அம்மாவின் மூச்சு மட்டும் வந்தது. கீழ்ப்படியில் நாற்காலிக்காரர்களில் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பக்கத்து வீட்டம்மா கதவு இடுக்கில் பாதி முகமாக நின்றாள். மூச்சு அடங்கியது போலிருந்தது. எழுந்து ஓடலாமா என்று நினைத்தான். லைனை வெட்டத் துணிவு வரவில்லை.

"சட்டை நீலக் கலர்" என்றாள் அம்மா.

எழப்போனவன் அப்படியே உட்கார்ந்தான்.

"அதைப் பத்தி இந்த வீட்ல யாரும் வாயைத் திறந்ததில்ல. அவளும் திறந்ததில்ல. நீ அப்போ பொடிப்பயல். உனக்குத் தெரியவே தெரியாது." வேலைக்குரல் இப்போது எங்கோ போயிருந்தது. "அவளைத்தாண்டா பார்த்துட்டு வந்திருக்க."

"அதைத்தாம்மா வந்ததுலேருந்து சொல்லிட்டு இருக்கேன்."

"நல்லா திட்டினாளா?"

"திட்டினா."

"இன்னும் என்ன சொன்னா? ஒண்ணு விடாம சொல்லு."

யோசித்துப் பார்த்தான். மிச்சமிருந்ததையும் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. "அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுதாம், சோறு குழையாமலும் வேகும்னு."

முதலில் அது இருமல் என்று நினைத்தான். பிறகு சுவர் வழியாகவும் கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் வழக்கமான சிரிப்பு இல்லை அது. மூச்சு வாங்கி, மூக்கை உறிஞ்சி, நடுவில் அழுது, மறுபடி பிடித்துக்கொண்ட சிரிப்பு. "கொழுப்பு எடுத்தவ" என்றாள். "வாய் அப்படியே இருக்கு பாரு. வக்கணையா மூக்கு முட்டத் தின்னுட்டு, இப்ப வந்து குழைஞ்சுடுச்சாம் அவளுக்கு." குரல் ஏறிக்கொண்டே போனது. அறைக்கதவு படாரென்று திறந்தது. ஃபோனின் சுருள் வயர் போகிற தூரம்வரை வந்து நின்றுகொண்டு, ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, முன்னறை முழுக்கக் கேட்கும்படி தம்பியிடம் சொன்னாள்.

"டேய், அழறதை நிறுத்து. உயிரோட இருக்கா. என் சமையலைக் குறை சொல்ற அளவுக்கு நல்லா இருக்கா."

டிக்கெட் மாமா கைக்குட்டையைக் கண்ணுக்கும் சட்டைப்பைக்கும் நடுவே பிடித்தபடி நின்றார். "அக்கா, மனசைத் தேத்திக்கிறதுக்காக நீ..." என்று இழுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். யார் எதற்கு உட்காருகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. சின்னவனின் மனைவி ஒன்றும் பேசாமல் கேக்கை வெட்ட ஆரம்பித்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று படியில் இருந்தபடி அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"லைன்ல இருக்கியா?" என்றாள் அம்மா. திறந்த வாசல் வழியாக அவன் அவளை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். இருந்தாலும் இருவரும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இருக்கேன்."

"அவ சொன்னது சரிதான். அந்தக் குரல்ல நடுக்கம் இல்லாம பார்த்துக்கிட்டேன். அவ பரீட்சை எழுதணும்னு மட்டும்தான் அப்போ தோணிச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "இதை நான் அவகிட்ட சொல்லணும். உன் வாயால இல்ல, நேர்ல. அவ வரமாட்டான்னா நான் போறேன். நீ அடுத்து எப்போ போற?"

மிச்சமிருக்கிற கட்டடங்களுக்காகக் குளிர் குறைந்ததும் மறுபடி கூப்பிடுவார்கள் என்றான். ஆனால் வேலைக்கு வேண்டிய ஆளைத் தவிர ஓர் ஈயைக்கூட உள்ளே விடமாட்டார்கள், அம்மாவின் இதயத்துக்கு அத்தனை படி ஏற முடியாது, டாக்டர் என்ன சொல்வாரோ என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அம்மா பொறுமையாகக் கேட்டாள். வளவளவென்று பேசுகிற வாடிக்கையாளரை முடிக்க விட்டுவிட்டுப் பேசுகிற அந்தக் காலத்துப் பொறுமை.

"படி எதுக்கு? நீ லிஃப்டைச் சரிபண்ணத்தானே போற" என்றாள். "அந்தப் பெட்டிக்குள்ள ஆபத்துக்குக் கூப்பிட ஒரு ஃபோன் வைப்பீங்கல்ல?"

"வைப்போம்."

"யாராவது நடுவுல மாட்டிக்கிட்டா, பயந்து போய் கூப்பிடுவாங்க. அந்தப் பக்கம் எடுத்து நிதானமாப் பேச ஒரு ஆள் வேணாமா? அங்க யாருக்காவது அந்த வேலை தெரியுமா?"

அந்த நாட்டில் எந்த லிஃப்டிலும் அந்த ஃபோன் வேலை செய்யவில்லை. எடுக்க ஆளும் இல்லை, பழக்கிவிட ஆளும் இல்லை. அதைக் கம்பெனியில் சொல்ல வேண்டும் என்று வரும்போதே அவன் நினைத்திருந்தான்.

"அவங்க மொழி உனக்குத் தெரியாதேம்மா."

"கத்துக்கறேன்" என்றாள் அம்மா. "பேத்திக்குத் திட்டறதுக்காவது நம்ம மொழி தெரியுதுல்ல. அங்கேருந்து ஆரம்பிச்சா போச்சு. கம்பெனியில கேட்டுச் சொல்லு. சிரிக்காம சொல்லு."